விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் பாகுபாடு இல்லை என்று ஆகிவிடுமா? அமெரிக்க வீட்டுவசதிச் சட்டம் கேட்கும் இரண்டு கேள்விகள்

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட கரோலினாவில் ஓர் அபார்ட்மென்ட் வளாகத்தில் வாடகைக்கு வீடு கேட்டு ஒரு தமிழ்த் தம்பதியர் விண்ணப்பித்திருக்கிறார்கள். கணவர் எச்-1பி எனப்படும் வேலை விசாவில் வேலை பார்க்கிறார். மனைவி வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாவில், அதாவது துணைவருக்கான விசாவில் இருப்பதால், அமெரிக்க அரசு தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண் அவருக்குக் கிடையாது. குடிவரும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அந்த எண் இருக்க வேண்டும், அமெரிக்காவில் இரண்டு ஆண்டுக் கடன் வரலாறும் இருக்க வேண்டும் என்பது வளாகத்தின் விதி என்று கூறி விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். மேலாளர் மரியாதையாகவே பேசியிருக்கிறார், விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்றும் விளக்கியிருக்கிறார். அவர் மனத்தில் இந்தியர் மீது வெறுப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அப்படியிருக்க இதைச் சட்டப்படி பாகுபாடு என்று சொல்ல முடியுமா என்று அந்தக் கணவர் கேட்கிறார். இனி அவருக்கே பதில் சொல்கிறேன்.

சொல்ல முடியும். மேலாளரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை ஒட்டிய விசாரணை, இந்தச் சட்டம் நடத்தும் இரண்டு விசாரணைகளில் ஒன்று மட்டுமே. ஒருவருடைய இனமோ, நிறமோ, மதமோ, பூர்விக நாடோ அவரைப் பற்றிய முடிவை மாற்றியதா என்பது முதல் கேள்வி. யாரையும் பெயர் சொல்லிக் குறிவைக்காத ஒரு விதி, போதிய தேவை ஏதுமில்லாமல், ஒரு பிரிவினர் மீது மற்றவர்களைவிட அதிகமாகப் பாரம் ஏற்றுகிறதா என்பது இரண்டாவது கேள்வி. வழக்கறிஞர்கள் முதலாவதை டிஸ்பரேட் ட்ரீட்மென்ட் என்றும் இரண்டாவதை டிஸ்பரேட் இம்பாக்ட் என்றும் குறிப்பிடுவார்கள். நான் இங்கே வேண்டுமென்றே செய்யும் பாகுபாடு, விளைவால் வரும் பாகுபாடு என்று எழுதுகிறேன். இரண்டும் ஒரே சட்டத்தின் கீழ் வந்தாலும் நிரூபிக்க வேண்டிய விஷயமும் நிரூபிக்கும் வழியும் வேறு வேறு. உங்கள் விஷயத்தில் இரண்டுக்குமே இடமிருக்கிறது. எது வலுவானது என்பது நீங்கள் இன்னும் விசாரிக்காத ஒரு தகவலைப் பொறுத்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட குடிமை உரிமைச் சட்டத்தின் எட்டாம் பகுதிதான் ஃபேர் ஹவுசிங் ஆக்ட் எனப்படும் நியாய வீட்டுவசதிச் சட்டம். இனம், நிறம், மதம், பூர்விக நாடு ஆகியவற்றை அது முதலில் பாதுகாத்தது. 1974-இல் பாலினமும், 1988-இல் உடற்குறையும் குழந்தைகளோடு வாழும் குடும்ப நிலையும் சேர்ந்தன. இந்தக் காரணங்களுக்காக வீட்டை விற்க அல்லது வாடகைக்கு விட மறுப்பதை அது தடை செய்கிறது. அதோடு நிற்காமல், வேறு எவ்வகையிலாவது வீடு கிடைக்காமல் செய்வதையும் தடை செய்கிறது. இந்தக் கடைசிச் சொற்றொடரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு உச்ச நீதிமன்றத்தில் ஒரு பெரிய வழக்கு அதன் மீதுதான் நின்றது.

வேண்டுமென்றே செய்யும் பாகுபாட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். இதை நிரூபிக்க வீட்டுக்காரர் வாயால் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒப்புக்கொள்பவர்கள் இன்று மிகக் குறைவு, நீதிமன்றங்களும் அதை எதிர்பார்ப்பதில்லை. வேலைவாய்ப்பு வழக்கு ஒன்றில் 1973-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த மெக்டோனல் டக்ளஸ் முறையே வீட்டு வழக்குகளிலும் பின்பற்றப்படுகிறது. நீங்கள் பாதுகாக்கப்பட்ட பிரிவைச் சேர்ந்தவர், தகுதியோடு விண்ணப்பித்தீர்கள், மறுக்கப்பட்டீர்கள், அதன் பிறகும் வீடு காலியாகவே இருந்தது என்று காட்டினால், மறுத்ததற்கு நியாயமான காரணம் என்ன என்று சொல்லும் பொறுப்பு எதிர்த்தரப்புக்குப் போகிறது. அவர்கள் ஒரு காரணம் சொன்னதும், அது உண்மைக் காரணமல்ல, சாக்கு என்று காட்டும் வேலை மறுபடி உங்களிடம் வருகிறது. சாக்கு என்று காட்டுவதற்கு மிக நல்ல சான்று, உங்களைப் போன்ற நிலையில் இருந்த வேறொருவர் வேறு விதமாக நடத்தப்பட்டார் என்பதுதான்.

இதனால்தான் சோதனையாளர்கள் என்ற ஏற்பாடு வந்தது. கறுப்பர் ஒருவரையும் வெள்ளையர் ஒருவரையும் ஏறக்குறைய ஒரே வருமானம், ஒரே தேவை என்ற விவரங்களோடு ஒரே அலுவலகத்துக்குத் தனித்தனியாக அனுப்புவார்கள். வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரை ஒட்டிய ஹென்ரைகோ கவுண்டியில் ஒரு நிறுவனத்தின் அபார்ட்மென்ட் வளாகங்களில், காலி வீடு இல்லை என்று கறுப்பினச் சோதனையாளருக்கும், இருக்கிறது என்று வெள்ளையினச் சோதனையாளருக்கும் சொன்னார்கள் என்பது ஹேவன்ஸ் ரியால்ட்டி வழக்கின் குற்றச்சாட்டு. சோதனைக்குப் போனவருக்கு வீடு எடுக்கும் எண்ணமே இல்லையே, அவருக்கு என்ன இழப்பு என்று நிறுவனம் வாதாடியது. உண்மையான தகவலைப் பெறுவதே சட்டம் தரும் உரிமை, பொய்த் தகவல் தந்ததே அவருக்கான இழப்பு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வெள்ளையினச் சோதனையாளருக்கு உண்மையே சொல்லப்பட்டதால் அந்த வழியில் அவர் வழக்குத் தொடர முடியாது என்றும் அதே தீர்ப்பு சொல்லியது. எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் தர்க்கம் இவ்வளவு சுத்தமாக அமைந்த தீர்ப்புகள் அதிகமில்லை.

உங்கள் கேள்வியின் அடியில் இருக்கும் ஓர் அனுமானத்தை இங்கே திருத்த வேண்டும். வேண்டுமென்றே செய்வது வேறு, வெறுப்போடு செய்வது வேறு. சட்டம் கேட்பது முடிவில் அந்தப் பண்பு இடம்பெற்றதா என்பதை. மனத்தில் பகை இருந்ததா என்பதை அல்ல. குழந்தைகள் இருக்கும் குடும்பத்துக்கு மூன்றாம் மாடி பாதுகாப்பல்ல என்று அக்கறையோடு மறுக்கும் வீட்டுக்காரரும், உங்கள் ஊர்க்காரர்கள் அதிகம் வாழும் பகுதியைக் காட்டுகிறேன், அங்கே உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று அன்போடு அழைத்துப் போகும் வீட்டுத் தரகரும் வேண்டுமென்றே செய்யும் பாகுபாட்டுக்குள்தான் வருகிறார்கள்.

நல்ல நோக்கம் எவ்வளவு தூரம் போனாலும் காப்பாற்றாது என்பதற்கு ப்ரூக்ளினின் ஸ்டாரெட் சிட்டி வழக்கைப் பார்க்கலாம். நாற்பத்தாறு அடுக்குமாடிக் கட்டடங்களில் 5,881 வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பில், வெள்ளையர்கள் மெல்ல மெல்லக் காலி செய்துகொண்டு போய் முழுவதும் ஒரே இனத்தவர் வாழும் இடமாக அது மாறிவிடக் கூடாது என்று நிர்வாகம் நினைத்தது. அதற்காக வெள்ளையர் 64 சதவீதம், கறுப்பர் 22 சதவீதம், ஹிஸ்பானியர் 8 சதவீதம் என்ற அளவில் விகிதத்தைக் காத்துவந்தது. விளைவு, வீடு காலியாக இருந்தும் கறுப்பின விண்ணப்பதாரர்கள் வெள்ளையர்களைவிட மிக நீண்ட காலம் காத்திருப்போர் பட்டியலில் நின்றார்கள். இனக் கலப்பைப் பேணுவது இச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்றுதான் என்பதை ஏற்றுக்கொண்ட இரண்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் (உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே, சில மாநிலங்கள் சேர்ந்த ஒரு வட்டத்துக்கான மத்திய நீதிமன்றம்), இனத்தைக் காரணம் காட்டி ஒருவருக்கு வீட்டை மறுக்கும் நிரந்தர ஒதுக்கீடு சட்டத்துக்குப் புறம்பானது என்று 1988-இல் தீர்ப்பளித்தது. வெறுப்பில்லாமலும் வேண்டுமென்றே பாகுபாடு செய்ய முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கு எனக்குத் தெரியவில்லை.

இங்கே விதிவிலக்கு ஒன்றையும் தொட்டுவிடுகிறேன். நான்கு அல்லது அதற்குக் குறைவான வீடுகள் கொண்ட கட்டடத்தில் உரிமையாளரும் குடியிருந்தால், 1968 சட்டத்தின் பெரும்பகுதி அவரைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பாகுபாடு காட்டும் விளம்பரத்துக்கு அவருக்கும் தடை உண்டு. இன அடிப்படையில் என்றால் அந்த விலக்கும் உதவாது. 1866-ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும் என்று 1968 ஜூனில் ஜோன்ஸ் எதிர் மேயர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதில் இனம் என்பது வம்சாவளியையும் உள்ளடக்கும் என்று 1987-இல் விளக்கியது. ஆனால் அந்தப் பழைய சட்டம் வேண்டுமென்றே செய்யும் பாகுபாட்டுக்கு மட்டுமே பயன்படும். உங்கள் வளாகம் பெரியது என்பதால் இந்த விலக்கைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி விளைவால் வரும் பாகுபாடு. இந்தக் கருத்து வேலைவாய்ப்புச் சட்டத்தில் பிறந்தது: டியூக் பவர் நிறுவனம் கேட்ட பள்ளிச் சான்றிதழும் தேர்வும் வேலைக்குத் தேவையற்றவை, அவை கறுப்பினத் தொழிலாளர்களைத் தடுத்தன என்று 1971-இல் கிரிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு மனதாகத் தீர்ப்பளித்தது. வீட்டுவசதிக்கு அது வந்து சேர்ந்த கதை மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகரை அடுத்த பிளாக் ஜாக் என்ற ஊரில் நடந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஐந்தில் இருவர் கறுப்பர். பிளாக் ஜாக்கில் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ. அங்கே நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு அரசு உதவியுடன் அடுக்குமாடி கட்ட ஒரு மதச் சார்புள்ள அமைப்பு திட்டமிட்டது. உடனே குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடி 1970-இல் அந்தப் பகுதியைத் தனி நகராட்சியாக்கினார்கள். அந்த நகராட்சி புதிதாகப் பல குடும்பக் கட்டடங்கள் கட்டக் கூடாது என்று ஆணை போட்டது. ஆணையில் இனத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1974-இல் அந்த ஆணையைச் செல்லாது என்று அறிவித்தபோது, உரைகல் விளைவுதான், உள்நோக்கம் அல்ல என்று எழுதியது. அதற்கு அது இரண்டு காரணங்கள் காட்டியது: சாமர்த்தியசாலிகள் தங்கள் உள்நோக்கத்தை எளிதில் மறைத்துவிட முடியும், அதைவிட முக்கியமாக, யோசிக்காமல் செய்யும் காரியமும் திட்டமிட்ட சதிக்கு நிகரான தீங்கைச் செய்ய முடியும்.

அரசமைப்புச் சட்டத்தின் கீழ் இந்த வாதம் எடுபடாது என்பது சில ஆண்டுகளிலேயே தெளிவாகிவிட்டது. சிகாகோவை அடுத்த ஆர்லிங்டன் ஹைட்ஸ் என்ற ஊரில் 1970 கணக்கெடுப்பின்படி 64,000 பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் கறுப்பர்கள் 27 பேர். குறைந்த, நடுத்தர வருமானத்தினருக்காக அங்கே 190 வீடுகள் கட்ட நிலத்தின் வகைப்பாட்டை மாற்றித் தருமாறு கேட்டபோது ஊர் நிர்வாகம் மறுத்தது. சமப் பாதுகாப்பு உரிமை மீறப்பட்டதாகச் சொல்ல வேண்டுமானால் பாகுபாட்டு உள்நோக்கத்தை நிரூபிக்க வேண்டும், விளைவு மட்டும் போதாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உள்நோக்கத்தை எப்படிக் கண்டறிவது என்பதற்கு அந்தத் தீர்ப்பு தந்த அறிகுறிகளை இன்றும் எல்லா வழக்கறிஞர்களும் கையாள்கிறார்கள்: முடிவின் வரலாற்றுப் பின்னணி, அதற்கு முன் நடந்த நிகழ்வுகளின் வரிசை, வழக்கமான நடைமுறையிலிருந்து விலகல், கூட்டங்களில் பேசப்பட்டவை. ஆனால் வழக்கு கீழே திரும்பியபோது, 1968 சட்டத்தின் கீழ் சில சூழ்நிலைகளில் விளைவே போதும் என்று ஏழாம் வட்ட நீதிமன்றம் அதே ஆண்டு சொன்னது. ஒரே ஊர், ஒரே முடிவு. அரசமைப்பின் கீழ் தோற்ற வாதம் சட்டத்தின் கீழ் உயிரோடு நின்றது.

அடுத்த சுமார் நாற்பது ஆண்டுகள் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் இதை ஏற்றுக்கொண்டே வந்தன. உச்ச நீதிமன்றம் மட்டும் வாய் திறக்கவில்லை. வீட்டுவசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, அதாவது எல்லோரும் ஹட் என்று அழைக்கும் துறை, 2013-இல் ஒரு விதியாகவே இதை எழுதியது. மினசோட்டாவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் உச்ச நீதிமன்றம் வரை போன இரண்டு வழக்குகள் விசாரணைக்கு முன்பே விலக்கிக்கொள்ளப்பட்டன அல்லது சமரசத்தில் முடிந்தன. கடைசியில் டெக்சஸிலிருந்து ஒரு வழக்கு வந்தது. குறைந்த வருமானத்தினருக்கு வீடு கட்டுவோருக்கு மத்திய அரசு தரும் வரிச் சலுகையை டல்லஸில் மாநிலத் துறை பகிர்ந்து தந்த விதத்தில், 1995 முதல் 2009 வரை சலுகை பெற்ற வீடுகளில் 92.29 சதவீதம், வெள்ளையர் பாதிக்கும் குறைவாக வாழும் பகுதிகளிலேயே இருந்தன. ஏழை வீடுகள் ஏழைப் பகுதிக்கே போய்ச் சேர்ந்தன என்பதுதான் வழக்குத் தொடர்ந்த ஒரு தன்னார்வ அமைப்பின் புகார். வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க முடியவில்லை. விளைவு கண்ணுக்குத் தெரிந்தது.

2015 ஜூன் 25 அன்று ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், நீதிபதி அந்தோணி கென்னடி எழுதிய தீர்ப்பில், விளைவால் வரும் பாகுபாட்டுக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரலாம் என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வேறு எவ்வகையிலாவது கிடைக்காமல் செய்வது என்ற சொற்கள் செய்பவரின் மனத்தை விட்டுச் செயலின் விளைவைப் பார்க்கின்றன என்பது முதல் காரணம். 1988-இல் சட்டத்தைத் திருத்தியபோது மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் கருத்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தெரிந்தே இருந்தது. அதை மாற்றாமல், விளைவு வழக்குகள் உண்டு என்று எடுத்துக்கொண்டால் மட்டுமே பொருள்படும் சில விலக்குகளை அது சேர்த்தது என்பது இரண்டாவது காரணம்.

அதே தீர்ப்பு கடிவாளத்தையும் போட்டது. புள்ளிவிவரத்தில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பது மட்டும் போதாது. எந்த விதி அதை உண்டாக்கியது என்று சுட்டிக்காட்டி, விதிக்கும் விளைவுக்கும் இடையே உறுதியான காரணத் தொடர்பைக் காட்ட வேண்டும். செயற்கையான, மனம்போன போக்கிலான, தேவையற்ற தடைகளை அகற்றுவதுதான் நோக்கம். நியாயமான தொழில் முடிவுகளை நீதிமன்றம் தன் விருப்பப்படி மாற்றி எழுதக் கூடாது. நிவாரணமும் முதலில் அந்த விதியை நீக்குவதில்தான் இருக்க வேண்டும். இந்தக் கடிவாளம் வெறும் அலங்காரமல்ல. வழக்கு டெக்சஸுக்குத் திரும்பிப் போனபோது, தொடக்கத்தில் காட்ட வேண்டியதையே நிரூபிக்கவில்லை என்று 2016-இல் மாவட்ட நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. சட்டக் கோட்பாட்டை நாட்டுக்கே வென்று கொடுத்த அமைப்பு தன் சொந்த வழக்கில் தோற்றது. விளைவு வழக்கு என்றால் எளிது, மனத்தை நிரூபிக்க வேண்டியதில்லையே என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

நடைமுறையில் விசாரணை மூன்று படிகளில் நடக்கும். ஒரு குறிப்பிட்ட விதி பாதுகாக்கப்பட்ட பிரிவினர் மீது அளவுக்கு மீறிய பாதிப்பை உண்டாக்குகிறது என்று வழக்குத் தொடர்பவர் காட்ட வேண்டும். அந்த விதி ஒரு முக்கியமான, சட்டபூர்வமான, பாகுபாடற்ற நோக்கத்துக்குத் தேவை என்று எதிர்த்தரப்பு நிறுவ வேண்டும். அதே நோக்கத்தை இதைவிடக் குறைந்த பாதிப்புள்ள வழியில் அடைய முடியும் என்று வழக்குத் தொடர்பவர் கடைசியாகக் காட்டலாம். உங்கள் விஷயத்துக்கு மிக நெருங்கிய வழக்கில் இந்த மூன்றும் எப்படி ஓடின என்று பார்ப்போம்.

வர்ஜீனியாவின் ஃபேர்ஃபேக்ஸில் வேப்பிள்ஸ் என்ற மொபைல் ஹோம் குடியிருப்பு இருக்கிறது. பதினெட்டு வயதைக் கடந்த ஒவ்வொருவரும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையைக் காட்ட வேண்டும். அல்லது அசல் பாஸ்போர்ட், அமெரிக்க விசா, நாட்டுக்குள் நுழைந்ததற்கான ஐ-94 ஆவணம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்பது அங்கே இருந்த விதி. நான்கு லத்தீன் அமெரிக்கத் தம்பதியரில் கணவர்கள் விதியை நிறைவேற்றினார்கள், மனைவியரால் முடியவில்லை. விதி குறிவைப்பது ஆவணமற்றவர்களை, அதாவது நாட்டில் தங்கச் சட்டபூர்வ அனுமதி இல்லாதவர்களை, அது பூர்விக நாட்டைப் பற்றியதல்ல என்பது நிர்வாகத்தின் வாதம். மனைவியர் தரப்பு ஒரு கணக்கை முன்வைத்தது: வர்ஜீனியாவின் லத்தீன் மக்களில் ஆவணமற்றவர்கள் 36.4 சதவீதம், மற்றவர்களில் 3.6 சதவீதம். ஆகவே அந்த விதி லத்தீன் மக்களைப் பத்து மடங்கு அதிகமாகத் தாக்குகிறது. முதல் படிக்கு இது போதும் என்று நான்காம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இல் சொன்னது. ஆவணமற்றவரைக் குடிவைத்தால் சட்டவிரோத அடைக்கலம் தந்ததாக வழக்கு வருமே என்று நிர்வாகம் இரண்டாம் படியில் சொன்ன காரணத்தை அதே நீதிமன்றம் 2024-இல் ஏற்கவில்லை; வெறுமனே வாடகைக்கு விடுவது அந்தக் குற்றம் ஆகாது. வட கரோலினா அதே நான்காம் வட்டத்துக்குள் வருகிறது என்பதால் இந்தத் தீர்ப்பு உங்கள் மாவட்ட நீதிமன்றத்தையும் கட்டுப்படுத்தும்.

வேப்பிள்ஸ் விதி மனைவியரைத் தடுத்தது. ஆனால் உங்கள் மனைவியைத் தடுத்திருக்காது. பாஸ்போர்ட், விசா, ஐ-94 மூன்றும் அவரிடம் இருக்கின்றன. உங்கள் வளாகத்தின் விதி வேப்பிள்ஸ் விதியைவிடக் கடுமையானது. சட்டப்படி வந்து வாழும் ஒருவரையும் வெளியே நிறுத்துகிறது. வேலை அனுமதி இல்லாத எச்-4 விசாக்காரருக்கு அரசே சோஷியல் செக்யூரிட்டி எண் தருவதில்லை. ஆகவே அந்த எண்ணைக் கேட்பது அவரால் எந்த முயற்சியாலும் நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கேட்பதாகிறது. வளாகத்தின் நோக்கம் அடையாளத்தை உறுதி செய்வதும் முன்வரலாறு பார்ப்பதும் என்றால், அதற்கு வேறு ஆவணங்கள் போதும் என்பதற்கு வேப்பிள்ஸின் விதியே நல்ல உதாரணம். இரண்டாம், மூன்றாம் படிகளில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சிக்கல் முதல் படியில்தான். குடியுரிமை இல்லாதவர்களை வேறாக நடத்துவது தன்னளவில் பூர்விக நாட்டுப் பாகுபாடு ஆகாது என்று வேலைவாய்ப்பு வழக்கு ஒன்றில் 1973-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. விளைவு பூர்விக நாட்டின் மீது விழுகிறது என்று காட்டினால்தான் நிற்கும். அந்த வளாகத்துக்கு விண்ணப்பிக்கக்கூடிய பகுதியில் இந்தியாவிலிருந்து வந்தோரில் எத்தனை சதவீதம் பேர் இந்த விதியால் வெளியே நிற்கிறார்கள், மற்றவர்களில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு வேண்டும். அதை ஒரு நிபுணர்தான் போட்டுத் தர முடியும், அது செலவு பிடிக்கும் வேலை.

இரண்டு ஆண்டுக் கடன் வரலாறு என்ற நிபந்தனையில் வீட்டுக்காரர் பக்கம் சற்று அதிக நியாயம் இருக்கிறது. வாடகை வருமா என்று பார்ப்பது எவருக்கும் உரிய கவலைதான். ஆனால் உங்கள் சம்பளக் கடிதம், கூடுதல் முன்பணம் போன்ற மாற்று வழிகளைப் பரிசீலிக்கவே மறுத்தார்களா என்பது முக்கியம். கடன் வரலாற்றை மட்டும் வைத்து மென்பொருள் போடும் மதிப்பெண்ணே கேள்விக்குள்ளாகும் காலம் இது. மாசசூசெட்ஸில் சேஃப்ரென்ட் என்ற நிறுவனத்தின் மதிப்பெண், அரசின் வாடகை உதவிச் சீட்டு வைத்திருந்த கறுப்பின, ஹிஸ்பானிய விண்ணப்பதாரர்களைப் பாதித்தது, வாடகையின் பெரும்பகுதியை அரசே கட்டும் என்பதை அது கணக்கில் எடுக்கவில்லை என்று தொடரப்பட்ட வழக்கு, நிறுவனம் தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 22 லட்சம் டாலருக்கு மேற்பட்ட சமரசத்தில் 2024-இல் முடிந்தது. வீட்டு விளம்பரங்களை யாருக்குக் காட்டுவது என்று தீர்மானித்த, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவின் மென்பொருள் மீது 2022-இல் மத்திய அரசின் நீதித் துறை தொடுத்த வழக்கில் இரண்டு வகைப் பாகுபாடும் சேர்த்தே குற்றஞ்சாட்டப்பட்டன. இயந்திரத்துக்கு மனம் இல்லை என்பதால் உள்நோக்கத்தைத் தேடுவது அங்கே இன்னும் குழப்பமான வேலை.

இப்போது நான் முன்பு சொன்ன அந்தத் தகவலுக்கு வருகிறேன். இந்த விதியை வளாகம் உண்மையிலேயே எல்லோருக்கும் ஒரே மாதிரி நடைமுறைப்படுத்துகிறதா? ஜெர்மனியிலிருந்தோ கனடாவிலிருந்தோ மாற்றலாகி வந்த ஒருவரின் துணைவருக்கு அந்த எண் இல்லாதபோது, பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று விட்டிருக்கிறார்களா? அப்படி ஒரே ஒரு விலக்கு வெளிப்பட்டாலும் புள்ளிவிவரமும் நிபுணரும் இல்லாமலேயே வழக்கு முதல் வகைக்கு மாறிவிடுகிறது, விதி சாக்காகிவிடுகிறது. நடுநிலையான விதி என்று தொடங்கும் பல விவகாரங்கள் கடைசியில் விலக்கு யாருக்குக் கிடைத்தது என்பதிலேயே தீர்கின்றன என்பது என் கருத்து. ஆகவே விதியை எதிர்த்து வாதாடுவதற்கு முன்பு, அதன் எழுத்து வடிவத்தைக் கேளுங்கள். அது எப்போது எழுதப்பட்டது, யாருக்கு விலக்கு தரும் அதிகாரம் உண்டு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். உள்ளூர் நியாய வீட்டுவசதி அமைப்புகளிடம் சோதனையாளர்களை அனுப்பும் வசதி இருக்கும், அவர்களை அணுகுங்கள். கடன் அறிக்கையின் அடிப்படையில் மறுத்திருந்தால், அந்த அறிக்கை எந்த நிறுவனத்திடமிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய தனிக் கடமையும் அவர்களுக்கு உண்டு.

நம்மவர்களே வீட்டுக்காரர்களாக இருக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேள்வி ஒரு பக்கமாக மட்டும் வருவதில்லை. சென்னையில் சைவம் மட்டும் என்று பலகை மாட்டிப் பழகியவர்கள் அமெரிக்காவில் வாங்கிய இரண்டாவது வீட்டை வாடகைக்கு விடும்போது அதே வரியை விளம்பரத்தில் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். சமையலறையில் இறைச்சி சமைக்கக் கூடாது என்ற நிபந்தனை எழுத்தளவில் மதத்தைத் தொடவில்லை. ஆனால் முஸ்லிம் குடும்பமோ கிறித்தவக் குடும்பமோ விண்ணப்பித்தபோது நிபந்தனையை ஏற்றுக்கொள்வதாக அவர்கள் சொல்லியும் மறுத்தால், அது மதத்துக்கான சாக்கு என்று வாதிட வழி திறந்துவிடுகிறது. சாதியை விசாரிக்க அது ஒரு மறைமுக வழி என்றால், 2023-இல் தன் சட்டத்தில் சாதியைப் பெயர் சொல்லிச் சேர்த்த சியாட்டில் நகரில் வாடகை ஒப்பந்தத்துக்கும் அது பொருந்தும்.

இறுதியாக இன்றைய நிலை. ஹட் 2013-இல் எழுதிய விதியை 2020-இல் கடுமையாக மாற்றியது. அந்த மாற்றத்தை மாசசூசெட்ஸ் நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2023-இல் பழைய விதி திரும்பியது. 2025 ஏப்ரலில் வெளியான அதிபர் ஆணை, விளைவு அடிப்படையிலான வழக்குகளை மத்தியத் துறைகள் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்றது. அதிபரின் ஆணை காங்கிரஸ் இயற்றிய சட்டத்தையோ 2015 தீர்ப்பையோ மாற்றிவிட முடியாது. தனிநபர் வழக்குத் தொடரும் உரிமை அப்படியே இருக்கிறது. ஆனால் விளைவை மட்டும் நம்பி மத்தியத் துறையிடம் புகார் கொடுப்பவர் முன்பிருந்த ஊக்கத்தை எதிர்பார்க்க முடியாது. உங்களுக்கு இதில் ஓர் ஆறுதல் உண்டு. வட கரோலினாவின் சொந்த வீட்டுவசதிச் சட்டம் இரண்டு வகையையும் எழுத்திலேயே வைத்திருக்கிறது: பாதுகாக்கப்பட்ட பண்பு முழுமையாகவோ எள்ளளவாகவோ தூண்டியிருந்தால் அது உள்நோக்கம், உள்நோக்கம் எதுவாக இருந்தாலும் விளைவில் பாகுபாடு செய்வதும் மீறலே, தொழில் தேவையால்தான் செய்தேன் என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் ஒழிய. மத்தியச் சட்டத்தின் கீழ் ஹட்டிடம் புகார் செய்ய, மறுக்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு. நீதிமன்றம் போக இரண்டாண்டு. புகார் செய்ததற்காகவோ கேள்வி கேட்டதற்காகவோ அச்சுறுத்துவதும் பழிவாங்குவதும் அதே சட்டத்தின் கீழ் தனிக் குற்றச்சாட்டு; ஆகவே அந்த மின்னஞ்சலை அனுப்பத் தயங்க வேண்டாம், பதில் வந்தாலும் வராவிட்டாலும் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.